மல்யுத்த அணிக்கு ஒரு பயந்த மேனேஜர்

பிரின்சிபால் சிஸ்டர் கூப்பிடுகிறார் என்று அட்டெண்டர் வந்து சொன்னபோது, நான் பி.காம். இரண்டாம் ஆண்டுக்குத் தேய்மானக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கையில் சாக்பீஸோடு, என்ன தப்புச் செய்தோம் என்று யோசித்தபடியே படியிறங்கினேன். என் சுபாவம் அப்படி. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால், கேஸை மூடினேனா என்ற சந்தேகத்தில், அம்மா மண்டபம் சாலை முனையிலிருந்து திரும்பி வருவேன். பக்கத்து ஃப்ளாட்டில் குக்கர் விசில் கொஞ்சம் நீண்டால் காதைப் பொத்திக்கொள்வேன். பொன்மலை ரயில்வே பணிமனையில் இரும்போடு இரும்பாக வேலை பார்க்கும் என் கணவருக்கு இது இத்தனை வருஷமாகியும் விளங்கவில்லை.

சிஸ்டர் சிரித்த முகமாக இருந்தார். அது இன்னும் பயமாக இருந்தது.

"பி.டி. மேமுக்கு டெங்கு. ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்க. சனிக்கிழமை இன்டர் காலேஜ் போட்டி இருக்கு. நம்ம பொண்ணு ஒருத்தி கலந்துக்கிறா. கூட ஒரு லேடி ஸ்டாஃப் போயே ஆகணும். நீங்க போயிட்டு வந்துடுங்க."

"என்ன விளையாட்டு சிஸ்டர்?"

"ரெஸ்லிங்."

தொலைக்காட்சியில் அடுத்தவன் தலையில் நாற்காலியை உடைக்கிற ஆட்கள்தான் கண்ணுக்குள் வந்தார்கள். எனக்கு ஒன்றும் தெரியாதே என்றேன். "தெரிய வேண்டாம். மேனேஜர்னு ஒருத்தர் நாற்காலியில உக்காரணும், அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த ஃபைலைத் திறந்தார்.

அன்று மாலையே அந்தப் பெண் என்னைத் தேடி வந்தாள். வரலாறு மூன்றாம் ஆண்டு. ஊர் உப்பிலியபுரத்துக்கு உள்ளே ஒரு கிராமம். அப்பா இல்லை, அம்மா மரவள்ளிக் காட்டில் வேலை பார்க்கிறாள். ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். உயரம் என் தோள் அளவுதான், ஆனால் கதவு நிலையில் அவள் நின்றால் நிலை நிறைந்து தெரிந்தது. "பயப்படாதீங்க மேம். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்" என்றாள். நான் பயப்படுவதை யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. முகத்திலேயே தெரிந்திருக்கும்.

அவளுடைய அம்மா என் நம்பரை வாங்கி வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை போன் வந்தது. "டீச்சரம்மா, உங்களை நம்பித்தான் அனுப்புறேன். பாத்துக்குங்க." இந்த வார்த்தையைக் கேட்டபின் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை காலை ஹாஸ்டல் வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு ஆட்டோவில் போனேன். ஊருக்குத் தெற்கே ஒரு கல்லூரியின் உள்ளரங்கம். உள்ளே நுழைந்ததும் ரப்பர் வாசனையும் வியர்வை வாசனையும் சேர்ந்து அடித்தன. நடுவில் மஞ்சளும் நீலமுமாகப் பெரிய விரிப்பு, அதன்மேல் பெரிய வட்டம். முதலில் எடை பார்த்தார்கள். வரிசையில் நிற்கும்போதுதான், அவள் நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று தெரிந்தது.

"ஏம்மா, மயக்கம் வந்துடாதா?"

"எடை கூடிடுச்சுன்னா விளையாட விடமாட்டாங்க மேம். பாத்து முடிச்சதும் சாப்பிட்டுக்கலாம்."

ஓர் அதிகாரி எல்லோருடைய நகங்களையும் பார்த்துக்கொண்டே வந்தார். தலையில் ஊசி, கிளிப் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்கள். இன்னொருவர் தோலில் சொறி, படை இருக்கிறதா என்று பார்த்தார். இவ்வளவு சோதிக்கிறார்கள் என்றால் உள்ளே என்னதான் நடக்குமோ என்று நினைத்துக்கொண்டேன். அடிக்கலாமா என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அய்யய்யோ, அடிக்கக் கூடாது மேம். கடிக்கக் கூடாது, விரலைப் புடிச்சு முறுக்கக் கூடாது, தொண்டையை நெரிக்கக் கூடாது, முடியைப் புடிச்சு இழுக்கக் கூடாது."

அவள் ஒவ்வொரு 'கூடாது'வாகச் சொல்லச் சொல்ல, இதையெல்லாம் யாரோ எங்கேயோ செய்துதான் சட்டம் போட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது.

எடை சரியாக இருந்தது. வாசல் கடையில் இட்லியும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டே அவள் எனக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். மூன்று மூன்று நிமிடமாக இரண்டு சுற்று, நடுவில் கொஞ்சம் ஓய்வு. எதிராளியின் காலைப் பிடித்துக் கீழே இறக்கிக் கட்டுப்படுத்தினால் இரண்டு புள்ளி. வட்டத்தைவிட்டு வெளியே தள்ளினால் ஒன்று. முதுகு தரையைப் பார்க்கிற மாதிரித் திருப்பினால் இரண்டு. நல்ல உயரத்திலிருந்து தூக்கிப் போட்டால் இன்னும் கூடுதல். பத்துப் புள்ளி வித்தியாசம் வந்துவிட்டால் அங்கேயே நிறுத்தி, முன்னால் இருப்பவள் ஜெயித்ததாகச் சொல்லிவிடுவார்கள்.

"ஆனா மேம், ரெண்டு தோளையும் ஒரே நேரத்துல கீழ வச்சு அமுக்கிட்டா அவ்ளோதான். பாயிண்டெல்லாம் கணக்கே கிடையாது. ஃபால்."

"தோள் படாம இருக்க என்ன பண்ணுவாங்க?"

"கழுத்தால தாங்குவோம். தலையும் காலும் மட்டும்தான் கீழ படும், உடம்பு வில்லு மாதிரி மேல நிக்கும். அதுக்குப் பேரு பிரிட்ஜ்."

அதற்கு மேல் எனக்கு இட்லி வேண்டாம் என்று இலையை மூடிவிட்டேன்.

முதல் ஆட்டம் தஞ்சாவூர்ப் பெண்ணோடு. எங்கள் பெண்ணுக்குச் சிவப்பு உடை, அந்தப் பெண்ணுக்கு நீலம். விரிப்பின் மூலையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிர் மூலையில் டிராக் பேண்ட் போட்ட ஒரு பயிற்சியாளர் விசிலும் துண்டுமாக உட்கார்ந்திருந்தார். நான் காட்டன் புடவையும் ஹேண்ட்பேக்குமாக உட்கார்ந்திருந்தேன். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். விசில் ஊதியதும் இரண்டு நெற்றிகளும் மோதின. இரண்டு தேங்காயை முட்டவிட்ட மாதிரி ஒரு சத்தம். ஹேண்ட்பேக்கை மடியோடு அணைத்துக்கொண்டேன்.

அதன்பின் நான் பார்த்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான். கழுத்தின் பின்னால் விழுந்த ஒரு கை. விரிப்பில் கிறீச்சிட்ட காலணி. ஒருத்தி மூச்சு விடுவது இன்னொருத்தியின் காதருகே. எது யாருடைய கை என்று தெரியாத ஒரு முடிச்சு, திடீரென்று அவிழ்ந்து இருவரும் எழுந்து நின்றார்கள். நடுவர் இரண்டு விரலைக் காட்டினார், ஒரு விரலைக் காட்டினார். முடிந்ததும் எங்கள் பெண்ணின் கையைத் தூக்கினார். ஜெயித்துவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பக்கத்தில் வேறொரு கல்லூரியின் பயிற்சியாளர் நின்றிருந்தார். ஜெர்சி போட்ட பெண்மணி. "மேடம், உங்க பொண்ணு நல்லா பிடிக்குறா. ஆனா ஃபாலுக்குப் போகவே மாட்டேங்கிறாளே. ரெண்டு தடவ கைக்கு வந்ததைத் தானா விட்டுட்டா. இப்படி ஆடினா அடுத்த ரவுண்டு தாங்காது. எங்கயாவது அடிபட்டிருக்கா?"

அடியை மறைத்துக்கொண்டு ஆடுகிறாளோ? டீச்சரம்மா பாத்துக்குங்க என்ற குரல் காதில் கேட்டது. அவளைத் தேடிக்கொண்டு போனேன். பின்பக்கம் பயிற்சி செய்யப் பழைய விரிப்புப் போட்ட ஒரு சின்ன ஹால் இருந்தது. ஆள் யாரும் இல்லை. சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"எங்கம்மா அடிபட்டிருக்கு? எங்கிட்ட மறைக்காத."

"எனக்கு இல்ல மேம்" என்றாள்.

பிறகு மெதுவாகச் சொன்னாள். போன வருஷம் எங்கள் கல்லூரியில் இரண்டு பேர் மல்யுத்தம் ஆடினார்கள். இவளும் இவளுடைய ரூம்மேட்டும். ஒரு நாள் பயிற்சியில் இவள் தூக்கிப் போட்டபோது, அந்தப் பெண் கையை ஊன்றிவிட்டாள். தோள்பட்டை எலும்பு முறிந்துவிட்டது.

"அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு மேம். வேற யாருக்கும் கேக்கல, எனக்கு மட்டும் கேட்டுச்சு. அவ ஒண்ணும் சொல்லல. பரவால்லடின்னுதான் சொன்னா. ஆனா விளையாட்டை விட்டுட்டா. அதுக்கப்புறம் நான் யாரையும் தூக்கல. டம்மிய மட்டும்தான் தூக்குவேன். மண்ணும் துணியும் அடைச்ச டம்மி. ஆளைத் தூக்கப் போனா கை தானா விட்டுடுது."

பி.டி. மேமுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஜெயித்துக்கொண்டிருந்ததால் யாரும் கேட்கவில்லை.

நான் என்ன சொல்வது? பயத்தைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அந்தக் கட்டடத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அது போவதற்கு வழி தெரிந்திருந்தால் நானே போக்கிக்கொண்டிருப்பேனே. ஒன்றும் ஆகாது என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். அதனால் ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை என்பதும் எனக்குத் தெரியும். வெளியே மைக்கில் அடுத்த ஆட்டங்களுக்கான பெயர்களை வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்புறம் நடந்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. வாய்தான் முந்திக்கொண்டது.

"என்னைத் தூக்கு" என்றேன்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மேம்?"

"நான் டம்மி இல்லையே. ஆள்தானே. தூக்கிக் கீழ வை."

"வேணாம் மேம். உங்களுக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகக் கூடாதுன்னுதான் சொல்றேன். ஆகாம தூக்கு."

அவள் எழுந்து வந்து, "பின்னெல்லாம் கழட்டிடுங்க மேம்" என்றாள். புடவை மடிப்பிலிருந்தும் தோளிலிருந்தும் ஊக்குகளைக் கழற்றினேன். வளையல், வாட்ச், கழுத்தில் தொங்கிய அடையாள அட்டை எல்லாவற்றையும் ஹேண்ட்பேக்கில் போட்டேன். தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் தள்ளினேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் பழைய விரிப்பின்மேல் ஏறினேன். கால் உள்ளே அமுங்கியது.

"கையை எங்கயும் ஊன்றாதீங்க. என் முதுகைப் புடிச்சுக்குங்க. மோவாயை நெஞ்சோட ஒட்டி வச்சுக்குங்க. மூச்சை விட்டுடுங்க, அடக்காதீங்க."

அவள் குனிந்து என் இடுப்பைச் சுற்றிக் கைகளைக் கோத்தாள். அவள் காது என் விலாவில் அழுந்தியது. என் இதயம் அடிப்பது அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும். திடீரென்று தரை இல்லை. குழந்தையாக இருந்தபோது யாராவது தூக்கியிருப்பார்கள். அதற்குப் பிறகு இப்போதுதான். மேலே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி பக்கவாட்டில் சாய்ந்தது, ஜன்னல் கவிழ்ந்தது. கத்தினேனா என்று நினைவில்லை. கத்தியிருப்பேன்.

அப்புறம் முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் விரிப்பைத் தொட்டது. தலைக்குக் கீழே அவள் கை இருந்தது.

மேலே அவள் முகம் தெரிந்தது. வெளுத்துப் போயிருந்தது. "மேம்? மேம், ஏதாவது சொல்லுங்க."

கழுத்தில் லேசாகப் பிடித்த மாதிரி இருந்தது. அதைச் சொல்லவில்லை. "ஒண்ணும் ஆகலை" என்றேன். "இன்னொரு தடவை தூக்கு."

இரண்டாவது முறையும் பயமாகத்தான் இருந்தது. மூன்றாவது முறை இறக்கும்போது அவள் மூச்சு சீராக இருந்தது. என்னுடையதுதான் சீராகவில்லை. எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்து, ஊக்குகளைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தபோது மைக்கில் அவள் பெயரை அழைத்தார்கள்.

அரையிறுதி. எதிரே பெரம்பலூர்ப் பெண். குள்ளம், நல்ல கட்டுமஸ்து. முதல் சுற்று முடியும்போது எங்கள் பெண் பின்தங்கியிருந்தாள். இடைவெளியில் மூலைக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்தாள். எதிர் மூலையில் அந்தப் பெண்ணின் காதில் அவளுடைய பயிற்சியாளர் ஏதேதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்துவிட்டேன். வேறென்ன சொல்ல?

இரண்டாவது சுற்றில் ஒரு கணம் இருவரும் கட்டிப்பிடித்து நின்ற மாதிரித் தெரிந்தது. எங்கள் பெண்ணின் கைகள் மற்றவளின் இடுப்பைச் சுற்றிக் கோத்துக்கொண்டன. அந்தப் பிடி எனக்குத் தெரியும். என் விலா எலும்பு அதை நினைவு வைத்திருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொப்பென்று ஒரு சத்தம், அதோடு கூட்டத்தின் சத்தம். கண்ணைத் திறந்தபோது பெரம்பலூர்ப் பெண் கழுத்தால் தாங்கிக்கொண்டிருந்தாள். தலை பின்னால் மடிந்து, நெற்றி விரிப்பில் அழுந்தி, உடம்பு வில்லாக வளைந்து நின்றது. கழுத்து நரம்புகள் கயிறு கயிறாகப் புடைத்திருந்தன. எங்கள் பெண் அவள்மேல் குறுக்காகக் கிடந்தாள். விட்டுவிடப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. விட்டுவிடேன் என்றும் இருந்தது, விடாதே என்றும் இருந்தது. அவள் விடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக வில் இறங்கியது. நடுவர் குப்புறப் படுத்து இரண்டு தோளையும் பார்த்தார். உள்ளங்கையால் விரிப்பில் ஓங்கித் தட்டினார்.

எங்கள் பெண் எழுந்துவிட்டாள். அந்தப் பெண் எழவில்லை.

அரங்கத்தில் அத்தனை பேர் இருந்தும் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் எனக்குக் கேட்டது. டாக்டர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினார். எங்கள் பெண் நின்ற இடத்திலேயே வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். என்னைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? நானும் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, யார் யாரையோ வேண்டிக்கொண்டிருந்தேன். ரங்கநாதரையும் கூப்பிட்டேன், கல்லூரிச் சிற்றாலயத்து மாதாவையும் கூப்பிட்டேன். தூக்கிப் பழகு என்று சொன்னவள் நான்தானே.

டாக்டர் அந்தப் பெண்ணின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்தச் சொன்னார். காலை அசைக்கச் சொன்னார். அவள் அசைத்தாள். பிறகு இருமினாள். இருமிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தாள். "மூச்சு நின்னுடுச்சு டாக்டர்" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் கைதட்டியது. நடுவர் இருவரையும் நடுவே அழைத்து, எங்கள் பெண்ணின் கையைத் தூக்கினார். தூக்கிய கை தொய்ந்து கிடந்தது.

சாப்பாட்டு நேரத்தில் அந்தப் பெரம்பலூர்ப் பெண் எங்களைத் தேடிக்கொண்டு டிபன் டப்பாவோடு வந்தாள். எங்கள் பெண் எழுந்து நின்று, "சாரிம்மா, ரொம்ப வலிக்குதா?" என்றாள்.

"இதுக்கா சாரி? அந்தப் பிடி எப்படிக்கா போட்டீங்க? அதைக் கேக்கத்தான் வந்தேன்."

மூன்று பேரும் அவள் கொண்டுவந்த தயிர்சாதத்தைப் பகிர்ந்துகொண்டோம். இருவரும் சாப்பிட்ட கையோடு காற்றில் பிடிகளைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பெண்ணின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது நேராகத் திரும்பியது, இரண்டு பக்கமும் திரும்பியது. அப்போதுதான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது.

இறுதி ஆட்டத்தில் எதிரே வந்தவள் வேறு ரகம். காதுமடல்கள் நசுங்கி உருண்டிருந்தன, பல வருஷமாக ஆடுகிறவள் என்று பார்த்தாலே தெரிந்தது. விசில் ஊதிக் கொஞ்ச நேரத்திலேயே எங்கள் பெண் மல்லாந்திருந்தாள். இப்போது கழுத்தால் தாங்குகிற முறை அவளுடையது. அந்த வளைந்த கழுத்து இப்போது என் பொறுப்பில் இருக்கிற கழுத்து. நான் எழுந்து நின்றுவிட்டேன். "விட்டுடும்மா, போதும், விட்டுடு" என்று கத்தினேன். ஓர் அதிகாரி வந்து, "மேடம், உக்காருங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவள் விடவில்லை. கழுத்து நடுங்க நடுங்கத் தாங்கினாள். கடைசியில் நடுவரின் கை விரிப்பில் விழுந்தது.

மூலைக்கு வந்தபோது அவள் முகம் சிவந்து, கண்ணில் தண்ணீர் நின்றது. கோபமும் இருந்தது. "ஏன் மேம் விடச் சொன்னீங்க?"

"பயந்துட்டேன்."

"எனக்கும்தான் பயம். அதுக்காக விட முடியுமா?" என்று கேட்டுவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் அழுது முடித்தபின் பதக்கம் வாங்கிக்கொண்டாள், வெள்ளி.

ஆட்டோவில் திரும்பும்போது உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். தலை என் தோளில் விழுந்தது. ஏற்கெனவே பிடிப்பாக இருந்த என் கழுத்து அந்தப் பாரத்தில் வலித்தது, எழுப்பவில்லை. மத்திய பஸ் நிலையத்தைத் தாண்டும்போது அவளுடைய அம்மாவிடமிருந்து போன் வந்தது. இறுதி ஆட்டம்வரை போனாள், அதில் தோற்றுவிட்டாள், அடி எதுவும் இல்லை, தூங்குகிறாள் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

"எதுத்து ஆடுன புள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே டீச்சரம்மா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலைங்க. நல்லா இருக்கா. எங்களோட உக்காந்து சாப்பிட்டா."

"நெசமாவா?"

"நெசமாத்தாங்க."

"அப்பச் சரி" என்றாள். "போன வருசம் கூட இருந்த புள்ளைக்குத் தோளு ஒடைஞ்சதுலேருந்து, லீவுக்கு வந்தா இவ ராத்திரியில திடீர்னு எந்திரிச்சு உக்காருவா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லமாட்டா. நானும் கேக்கல."

போனை வைத்தபின், என் தோளில் கிடந்த அந்தத் தலையைப் பார்த்தேன். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நெற்றியில் விரிப்பு உரசிய இடம் சிவந்து கிடந்தது. ஆட்டோக்காரர் ஒரு குழியில் இறக்கி ஏற்றினார். நான் சட்டென்று கையை நீட்டி அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, கொஞ்சம் மெதுவாப் போங்க" என்றேன்.